விட்டுச் சென்ற அடுப்பு

"அரசாங்க நிலம் என்றால் அது நம் எல்லோருடைய நிலம்தானே, அப்பா?"

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகன் சென்ற மார்கழி விடுமுறையில் இவ்வினாவைத் தொடுத்தான். இருபது ஆண்டுகளாக மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழித்துவரும் எழுத்தன் ஒருவனுக்கு உடனே விடை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவனும் அவன் நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஒரு கூடாரம் வாங்கியிருந்தார்கள். அதை விரிக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பரந்து கிடக்கும் பொது நிலங்களில் எவரும் சென்று கூடாரம் அடிக்கலாம், கட்டணம் கிடையாது, பொதுவாக ஓரிடத்தில் 14 நாள் வரை தங்கலாம், குழாயும் விளக்கும் கழிப்பறையும் இரா, அடுத்தவர் கூடாரம் கண்ணுக்கே எட்டாது என்றெல்லாம் அவன் படித்து வைத்திருந்தான். நமக்கு அருகில் அத்தகைய இடம் எது என்று தேடி, நிலப்படத்தில் ஐதராபாத்துக்குத் தெற்கே கிருஷ்ணையாற்றின் இரு கரையிலும் பச்சையாய்ப் படர்ந்து கிடக்கும் நல்லமலைக் காட்டின்மேல் விரலை வைத்தான்.

"பாருங்கள், இங்கே ஊரே இல்லை. யாருமே இல்லை."

அந்த 'யாருமே இல்லை' என்ற சொல் என்னைத் தைத்தது. அதே சொல்லை, அதே காட்டில், நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இதுவரை வீட்டாரிடமும் சொல்லாத அந்நிகழ்ச்சியை இம்மலரில் எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

2006 டிசம்பர். நான் ஐதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிது, மணமாகவில்லை. சிக்கட்பள்ளியில் ஓர் அறையில் குடியிருந்த நால்வர் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் ஸ்ரீசைலம் புறப்பட்டோம். மன்னனூரைக் கடந்து காட்டுக்குள் வெகுதூரம் சென்ற பின்னர் ஒரு வண்டியின் சக்கரம் காற்றிழந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. அக்காலத்தில் அக்காட்டுக்குப் புலியைத் தவிர வேறு வகைப் பெயரும் உண்டு. 2004இல் அரசோடு பேச்சு நடத்த நக்சலைட் தலைவர்கள் வெளிப்பட்டதும் நல்லமலையிலிருந்துதான். ஆயினும் இளமையின் அறியாமை பெரிய துணை. சாலையிலிருந்து நூறடி உள்ளே ஓர் ஓடையும் அதன் கரையில் அகன்ற பாறையும் தென்பட்டன. "யாருமே இல்லை, இங்கேயே படுத்துவிடலாம்" என்றேன். பாறை ஓரத்தில் புகையேறிய மூன்று கற்கள் இருந்தன. ஒரு மரத்தடியில் காய்ந்த விறகு, ஓரளவாக ஒடித்து, அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. குளிரோ எலும்பைத் துளைத்தது. அடுக்கிய விறகு தானாக அடுக்கிக்கொள்ளாது என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விடியும்வரை எரித்துத் தீர்த்தோம்.

காலையில் ஒருவர் வந்தார். தோளில் கோடரி; பின்னால் பத்து வயதுச் சிறுமி. வெறுமையாய்க் கிடந்த மரத்தடியையும் சாம்பலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, விறகு தம்முடையது, 20 ரூபாய் கொடுங்கள் என்று தெலுங்கில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் நான் சொன்ன மறுமொழி இன்றும் நினைவிருக்கிறது: "இது சர்க்கார் காடு. காசு கேட்க நீ யார்?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் சர்க்காரைக் கேட்டுத்தான் நெருப்பு மூட்டினீர்களா?" என்றார். எங்களிடம் விடையில்லை. விடை இல்லாதவர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். அவ்வழியே வந்த லாரி ஒன்றில் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு ஒருவர் செல்ல, மற்றவர்கள் சாலைக்குப் போய் நின்றுகொண்டோம். காசு கொடுக்கவில்லை. நால்வரின் சட்டைப்பையிலும் பணம் இருந்தது.

அவர் செஞ்சு இனத்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அறிந்த பின் படிக்கவும் தொடங்கினேன். ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் என்னும் ஆஸ்திரிய மானிடவியலர் 1940இல் இம்மக்களிடையே வாழ்ந்து, 1943இல் அவர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உலகப் போரின்போது எதிரி நாட்டுக் குடிமகன் என்பதால் ஐதராபாத் சமஸ்தானத்தை விட்டு வெளியேற இயலாமல் இருந்தவர் அவர். தம் விருப்பப்படி இடம்பெயர முடியாத ஒருவர், இடம்பெயர்ந்து வாழ்வதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களைப் பற்றி எழுதியது விந்தைதான். செஞ்சுக்கள் சில திங்கள் வட்டச் சுவரும் கூம்புக் கூரையுமாய் அமைந்த குடில்களில் இருப்பர். சில திங்கள் நீரும் இலுப்பைப் பூவும் கிடைக்கும் இடம் நோக்கிச் சென்று இலைப்பந்தலின் கீழ்த் தங்குவர். அவர்களுடைய சிற்றூருக்குப் 'பெண்ட' என்று பெயர். ஸ்ரீசைலம் சாலையில் தோமலபெண்டவைக் கடந்து செல்லும் நம்மவர் எத்தனையோ பேர். அப்பெயரின் ஈற்றுச் சொல்லைக் கேட்டிருப்போர் சிலரே.

இதிலிருந்து எனக்குப் புலப்பட்டது ஒன்று உண்டு. ஒரு வீட்டில் நான்கு அறைகள் இருக்கின்றன. குடும்பத்தார் ஒரு நேரத்தில் ஓரறையில் அமர்ந்திருக்கிறார்கள். மற்ற மூன்றும் யாருமற்றவை என்று வழிப்போக்கன் ஒருவன் படுக்கையை விரித்தால் நாம் என்ன சொல்லுவோம்? காடு அவர்களுக்கு வீடு. கோடையறை, மழையறை, தேனறை, கிழங்கறை என்று பருவத்துக்கு ஏற்ப அதில் மாறி மாறி இருக்கிறார்கள். நாம் போய் நிற்கும் நாளில் அவர்கள் வேறோர் அறையில் இருக்கக்கூடும். நாங்கள் நெருப்பு மூட்டியது பாறையில் அன்று. ஒருவர் வீட்டு அடுப்பில்.

சட்டத்தின் சொற்கள் இதனைக் காண நமக்கு உதவுவதில்லை. புறம்போக்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரி விதிப்புக்குப் புறம்பாகப் போனது என்பதே அதன் பொருள். வருவாய்த் துறைக்காரனுக்கு அது பயனற்ற நிலம். ஊர்க்காரனுக்கோ அதுதான் மேய்ச்சல் தரை, ஏரி உட்பரப்பு, களம், வண்டிப்பாதை, சுடுகாடு. ஊரில் உள்ளவர் அனைவரும் கால் வைத்த நிலம் அது ஒன்றே. ஆயினும் பதிவேட்டில் அது எவர் பெயரிலும் இல்லை. காட்டின் கதையும் இத்தகையதே. 1878ஆம் ஆண்டின் வனச் சட்டமும் பின்னர் 1927ஆம் ஆண்டின் சட்டமும் ஒதுக்குக் காடு, காப்புக் காடு என்று வகை பிரித்தபோது, அங்குத் தலைமுறை தலைமுறையாய் அடுப்பு மூட்டியவர்கள் ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் நிலத்தில் இல்லாதவன் என்று கொள்வது எழுத்தர்களாகிய எங்களுக்கு வந்த தொழில்நோய். அன்று காலை 'நீ யார்' என்று கேட்டது நான் அல்லேன். என் நாற்காலி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நாற்காலி அன்று என்னோடு காட்டுக்கு வரவில்லையே!

இந்நோய் நாற்காலி தோன்றுவதற்கு முன்பே தோன்றியது என்பதற்கு நம் இலக்கியத்திலேயே சான்று இருக்கிறது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. கல்லூரியில் அதனைப் படித்தபோது தலைவியின் காத்திருப்பும், பாசறையில் துயிலாத அரசனும், யானைக்கு வடமொழியில் பயிற்சி சொல்லும் இளைஞரும், காவல் நிற்கும் யவனரும், நாழிகை அளந்து உரைப்போரும் மனத்தில் நின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படித்தபோது, முன்பு என் கண்ணில் படாத ஒன்று பட்டது. காட்டாற்றின் அருகே அப்பாடி வீடு அமைப்பதற்கு முன்னர் அவ்விடத்துப் புதர்களை அழித்ததோடு, வேட்டுவருடைய சிற்றரண்களையும் அழித்தார்கள் என்று புலவர் நப்பூதனார் சொல்லிச் செல்கிறார். ஒரே ஒரு குறிப்புதான். அவ்வேட்டுவர் எங்குச் சென்றனர் என்று பாட்டும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, பாடம் நடத்திய ஆசிரியரும் கேட்கவில்லை. தேர்விலும் அவ்வினா வந்ததாக நினைவில்லை.

அகநானூற்றில் இதற்கு வேறான காட்சி ஒன்று உண்டு. உப்பு வண்டிகளோடு செல்லும் உமணர் வழியில் எருதுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிச் சமைத்து உண்டு, மீண்டும் புறப்பட்டுப் போய்விடுகின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற கல்லடுப்பில், பின்னர் வந்த வில்லேந்திய ஆடவர் ஊன் சமைக்கின்றனர். அவர்கள் நல்லவர்கள் அல்லர், ஆநிரை கவர்வோர். இருப்பினும் அந்தக் கற்கள் முன்னவன் விட்டதைப் பின்னவன் எடுத்துக்கொள்ளப் பயன்பட்டன. அவ்வடுப்பை யாரும் உடைக்கவில்லை. யாரும் தன்னதென்று வேலியிடவும் இல்லை. அரசனுடைய பாசறைக்கும் உமணருடைய அடுப்புக்கும் இடையில் உள்ள தொலைவே என் மகன் கேட்ட வினாவின் முழு அகலமும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுமே வெட்டவெளியில் தங்குவதுதான். ஒன்று, தான் வருமுன் இருந்தவனை அகற்றிவிட்டுத் தங்குகிறது. மற்றொன்று, தனக்குப்பின் வருபவனுக்கு இடம் விட்டுத் தங்குகிறது.

நம் நாட்டில் ஓரிரவுத் தங்கலுக்கு வாடகையைத் தங்குபவன் கொடுப்பதற்கு மாறாக, நிலத்துக்காரன் கொடுக்கும் வழக்கமும் உண்டு என்று சொன்னால் பட்டணத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் பெண்டு பிள்ளைகளோடும் ஆட்டு மந்தையோடும் தஞ்சைப் பக்கம் வருவார்கள். அறுவடையான வயலில் கிடை போடுவார்கள். ஆடுகள் இரவெல்லாம் படுத்த நிலத்துக்குப் புழுக்கையும் சிறுநீரும் எருவாகும். அதற்காக நிலக்கிழார் நெல்லோ பணமோ அளப்பார். மறுநாள் வேறு வயல். கீதாரிக்கு அவ்வயலில் ஒரு சாண் உரிமையும் கிடையாது. ஆனால் அவர் தங்கிச் சென்ற வயல், தங்காத வயலைவிடக் கொழுமையாக இருக்கும். தங்கியவன் எதையும் விட்டுச் செல்லலாகாது என்பது அமெரிக்கக் கூடாரக்காரர்களின் நல்லொழுக்கம். அதைக் குறை கூறவில்லை. நம்முடைய கீதாரியின் ஒழுக்கம் அதற்கும் ஒருபடி மேலே என்பது என் எண்ணம்.

ஐதராபாத்தில் வாழும் நாம் இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்துவிட முடியாது. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் சுமந்து தக்காணமெங்கும் திரிந்த பஞ்சாரா மக்களின் பெயரைத் தாங்கிய குன்றில் இன்று ஓரிரவு தங்க வேண்டுமானால் நம் போன்றோர் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து வைக்க வேண்டும். அத்தகைய நாடோடிகள் பலரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871ஆம் ஆண்டுச் சட்டம் நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செகந்தராபாத்தோ 1806இல் வெள்ளையர் படை தங்கிய பாசறையாக எழுந்த ஊர். 'லஷ்கர்' என்று இன்றும் பெரியவர்கள் சொல்லுவார்கள், படை என்பது அதன் பொருள். சென்னைப் படையோடு ஒப்பந்தக்காரராகவும் கணக்கராகவும் சிப்பாய்களாகவும் வந்த தமிழர் பலர் கூடாரம் இருந்த இடத்தில் வீடு கட்டினார்கள். அவர்களின் வழித்தோன்றல்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் யார் என்று நாம் விழா மேடைகளில் நன்றியோடு சொல்லுகிறோம். அதற்கும் முன் அவ்விடத்தில் ஆடு மேய்த்தவர் யார் என்று கேட்டதில்லை.

'அப்படியானால் காட்டில் எவரும் காலே வைக்கலாகாதா?' என்று கேட்கலாம். என் மகனும் கேட்டான். நார்வே நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத வெளியில், வீட்டுக்கு 150 மீட்டர் தள்ளி, உரியவரைக் கேளாமலேயே இரண்டு இரவு கூடாரம் அடிக்கலாம். ஸ்வீடனில் அனைவருக்குமான இவ்வுரிமை 1994இல் அரசமைப்பிலேயே இடம்பெற்றது. அழகிய ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் அவை மக்கள் நெருக்கம் குறைந்த நாடுகள். நிலத்தில் நடக்கத் தெரிந்தவர்கள் வாழும் நாடுகள். அமெரிக்காவின் கதை வேறு. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடியினரை 1851இல் படை கொண்டு விரட்டினார்கள். பின்னர் அதே இடம் தேசியப் பூங்காவாயிற்று. வெற்றிடமாக இருந்ததால் பூங்காவாகவில்லை, வெற்றிடமாக்கப்பட்டது.

நல்லமலையில் ஆண்டுக்கொருமுறை, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, சலேஸ்வரத்தில் லிங்கமய்யா விழா நடக்கிறது. பூசாரிகள் செஞ்சுக்களே. சில நாள்களுக்கு மட்டும் வனத்துறை வழிவிடுகிறது. மக்கள் ஆயிரக்கணக்கில் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள். திரும்பும்போது அவர்கள் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கவே தனிப்படை வேண்டியிருக்கிறது. யுகாதிக்கு முன் கருநாடகத்திலிருந்து நாகலூட்டி, பெத்தசெருவு வழியாக மரத்தடிகளில் தங்கி ஸ்ரீசைலத்துக்கு நடந்து வரும் அடியார்களைப் பற்றியும் எண்ணிப் பார்க்கிறேன். பக்தி குறைவற்றது, ஆனால் காட்டுக்குப் பக்தன் என்றும் பொழுதுபோக்குக்காரன் என்றும் வேற்றுமை தெரியாது. இத்தனை கோடி மக்களுள்ள நாட்டில், விரும்பியவரெல்லாம் விரும்பிய இடத்தில் நெருப்பு மூட்டினால் காடே எஞ்சாது. இதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆகவே காவல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புலிக்கும் ஓர் அறை வேண்டும்.

என் மனம் ஒப்பாதது அக்காவலின் வரிசை முறையை. 1983இல் புலிகள் திட்டத்துக்குள் வந்த அக்காட்டின் தெலங்கானாப் பகுதி, 2014இல் மாநிலம் பிரிந்த பின் ஆம்ராபாத் புலிகள் காப்பகம் எனத் தனிப்பெயர் பெற்றது. அங்குப் பணம் கட்டினால் நம்மைப் போன்றோர் தங்கக் குடிலும் சுற்றிப் பார்க்க வண்டியும் உண்டு. வழிகாட்டும் பணியில் செஞ்சுக்கள் சிலரும் இருக்கிறார்கள், அது நல்லதே. மறுபுறம், நாட்டின் புலிகள் காப்பகங்களுள் வாழ்வோர் தாமே விரும்பி வெளியேறினால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று 2021இல் தொகை உயர்த்தப்பட்டது. விரும்பி என்ற சொல்லைக் கோப்பில் எழுதுவது எளிது. பள்ளியும் மருத்துவமும் சாலையும் வேண்டி வெளியே வர நினைக்கும் இளைஞர் அவர்களுள்ளும் உண்டு. அவர்களைக் காட்டிலேயே இருங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஓரிரவு இன்பத்துக்காக வருபவனுக்குச் சீட்டும், வாழ்நாளெல்லாம் இருந்தவனுக்கு வெளியேற்றத் தொகையும் என்றால் எங்கோ வரிசை தலைகீழாகியிருக்கிறது. நான் 'நீ யார்' என்று கேட்ட அதே 2006 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தொல்பழங்குடியினரின் வாழிடத்தின் மீதே அவர்களுக்கு உரிமை உண்டு என்று அச்சட்டம் சொல்லுகிறது. நாடோடிகளும் மேய்ப்பரும் பருவந்தோறும் வந்து தங்கும் உரிமையையும் ஏற்கிறது. 20 ரூபாய் கேட்டவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு என்று நாடே ஒப்புக்கொண்ட திங்களில் நான் மறுத்திருக்கிறேன்.

மகனை நான் தடுத்துவிடவில்லை. காட்டுக்கு வெளியே, அச்சம்பேட்டைக்கு அப்பால், அலுவலக நண்பர் ஒருவரின் உறவினருக்கு மக்காச்சோளம் அறுத்த நிலம் இருந்தது. கேட்டு அனுமதி பெற்று அங்குப் போனோம். உரியவர் வந்து, எங்கே குழாய் புதைத்திருக்கிறது, எங்கே நெருப்பு ஆகாது என்று காட்டினார். பிள்ளைகள் அவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். "போன மாதம் குருமவர் வந்து இங்கே ஆடு கட்டினார்கள். ஓரிரவுக்கு நான்தான் அவர்களுக்குக் காசு கொடுத்தேன். நீங்கள் படுத்தால் யார் யாருக்குக் கொடுப்பது?" பையன்கள் வெகுநேரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஸ்ரீசைலம் சென்றோம். இப்பொழுதெல்லாம் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலையை அடைத்துவிடுகிறார்கள். வழியில் இறங்கி நிற்கவும் கூடாது. மன்னனூரைத் தாண்டியதும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, சன்னல் வழியே இடப்புறமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓடைகள் பல கடந்தன. பாறைகளும் பல. எந்தப் பாறை என்று அடையாளம் தெரியவில்லை.

"யாரைத் தேடுகிறீர்கள், அப்பா?" என்றான்.

"ஒருவருக்கு 20 ரூபாய் தர வேண்டும்" என்றேன்.

"எப்போது வாங்கினீர்கள்?"

அவன் பிறப்பதற்கு முன் என்று தொடங்கி, தோமலபெண்ட வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.